இடது காதால் கேட்ட அல்பங்கள்

குகனேஸ்வரி அக்காவின் இயர்போனில் இரண்டு முனைகள் இருந்தன. ஒன்றுக்குத்தான் வேலை. இடது முனை காதுக்குள் போகும். வலது முனையைச் சட்டைக் கழுத்துக்குள் செருகிவிடுவார். அது சங்கிலிக்குப் பக்கத்தில், யாருக்கும் கேட்காத பாட்டைத் தோலுக்குப் பாடியபடி நாள் முழுக்கக் கிடக்கும்.

“வலது காது சிஞ்ஞோராவுக்கு. இடது காது எனக்கு” என்பார்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், சிஞ்ஞோரா நின்ஃபா என்ற முதிய அம்மாவின் வீட்டில் தங்கி வேலை செய்கிறார் அக்கா. சிஞ்ஞோரா பெரும்பாலும் கட்டிலில்தான். தலைமாட்டில் ஒரு பித்தளை மணி. தண்ணீருக்கு ஒரு அடி, கழிப்பறைக்கு இரண்டு அடி, தனிமை வந்தால் எண்ணிக்கையில்லாமல். அந்த மணிக்காக ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும். தங்கி வேலை செய்பவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்த நேரம். அந்த நேரத்திலும் அக்கா ஒரு காதைத்தான் மூடுவார். பழகிவிட்டது. சனங்களோடு கதைத்துக்கொண்டு, பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, மற்றக் காதில் யாரோ ஒருவன் மிலானோவிலிருந்தோ அற்லாண்டாவிலிருந்தோ வேகமாகத் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

கேட்பது ஹிப் ஹொப்பும் பொப்பும்தான். நாற்பதைக் கடந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. இத்தாலிய மொழி வகுப்புக்குப் போக நேரமில்லாததால் ராப் பாட்டில் மொழி படித்தவர் அவர். வேலை செய்துகொண்டே படிக்கலாம், அவ்வளவு சொற்களை யாரும் இலவசமாகத் தருவதில்லை என்பது அவருடைய நியாயம். முதல் முறை பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பாட்டில் வருவதுபோல “ஃப்ரா” என்று கூப்பிட்டாராம். மச்சான் என்பது மாதிரி ஒரு சொல். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்ததாகச் சொல்வார்.

“அன்ரி எண்டு கூப்பிடாதையுங்கோ. அன்ரிமாருக்கு ஹிப் ஹொப் வராது. அக்கா எண்டால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்.”

அப்படித்தான் பலேர்மோவின் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்கா.

பிரசாந் உதைபந்துக்காகத் தொடங்கிய வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் உதைபந்து இல்லை. புது அல்பம் ஏதாவது வந்தால் பிள்ளைகள் அக்காவின் குரற்பதிவுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குத் தீர்ப்பு என்று பெயர். அக்கா ஒரு அல்பத்தை மூன்று தரம் கேட்பார். பாத்திரம் கழுவும்போது ஒரு தரம், துணி மடிக்கும்போது ஒரு தரம், சிஞ்ஞோரா மதியம் உறங்கும்போது பல்கனியில் சும்மா நின்று ஒரு தரம். வரிசை மாற்றாமல், ஒரு பாட்டும் தாண்டாமல். பிறகு வியாழக்கிழமை கடற்கரைச் சுவரில் இருந்து தீர்ப்பைச் சொல்வார். சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டார்.

லைலா ஃபெயர் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘கண்ணாடிக் கோடை’ வந்தபோது சொன்னது இது:

“பிள்ளையள், பாட்டு முழுக்க உடுப்பு மடிக்க நல்லது. நாலு மூலையும் நேராய் வரும். ஆனால் அலுமாரியைப் பூட்டின உடனை மறந்து போகுது. நல்ல சாப்பாடு, உப்புப் போட்டவை ஒருத்தரும் இல்லை.”

ரொறன்ரோவிலிருந்து எங்கள் பெடியன் ஒருவன் செய்த அல்பத்துக்கு:

“ஊர்ப் பேரைச் சொன்னால் நாங்கள் கைதட்டுவம் எண்டு தம்பி நினைக்கிறார். தட்டினன்தான். கை தட்டிச்சுது, கால் தட்டேல்லை. கால் தட்டாட்டி அது பாட்டில்லை, பிரசங்கம்.”

ஆனால் இந்த நகரத்தின் ஓரத்துத் தொடர்மாடிகளிலிருந்து வந்த சால்வோ நொத்தே என்ற பையனின் ‘ஐந்தாம் மாடி’ அவருக்கு உயிர்.

“இந்தப் பெடியனுக்கு ஒரு சிநேகிதனும் இல்லை. இருட்டிலை, தனிய நிண்டு கதைக்கிறான். மற்றவங்கள் எண்டால் பின்னாலை பத்துப் பேரை நிக்க வச்சு ஏய் ஏய் எண்டு கத்த விடுவாங்கள். இவன் விடேல்லை. மூச்சு எடுக்க நிப்பாட்டுற இடத்திலை நாய் குலைக்கிற சத்தம் கூட இல்லை. கேக்கேக்கை ஒரு தட்டிலை சோறு போட்டுக் கொண்டுபோய்க் குடுக்கலாம் போலை கிடக்கு.”

மொரீசியசுக்காரப் பையன் பிரயன், தன் அறையில் ஒலிப்பதிவுக் கருவிகள் வைத்திருப்பவன், தமிழ் கேட்டால் விளங்கும் என்றாலும் எழுத வராததால் இத்தாலிய மொழியில் எழுதினான்: அக்கா, அந்த அல்பத்தில் ஒரு கும்பலே கத்துகிறதே?

அவனுக்கு நான்தான் பதில் எழுதினேன். கூட்டத்தின் நடுவே இருக்கும் தனிமையைத்தான் அக்கா சொல்கிறார் என்று. நிறையப் பேர் அதற்குப் பெருவிரல் உயர்த்தினார்கள். பிரயன் மன்னிப்புக் கேட்டான். தான் சொன்னது இவ்வளவு ஆழமா என்று அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கலாம்.

*

ஜெனனி இங்கே பிறந்தவள். நிரோசினி அக்காவின் மகள். பல்கலைக்கழகம் போகிற நேரம் போக, பொலித்தேமா பக்கம் ஐஸ்கிரீம் கடையில் நிற்பாள். குழுவில் வேறு யாரும் அறியாமல், பிரயனின் அறையில், ஒரு வருடமாக ஏழு பாட்டுச் செய்திருந்தாள். அல்பத்தின் பெயர் ‘வியாழனும் ஞாயிறும்’. தமிழும் பலேர்மோ இத்தாலியனும் ஒரே மூச்சில் வரும். ஒரு ஞாயிறு அதை இணையத்தில் போடுவதாக இருந்தாள்.

அதற்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, குழுவிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அக்கா, மற்றவை எல்லாரும் நிரோசினியின்ரை மகள் எண்டு கைதட்டுவினம். நீங்கள் உண்மை சொல்லுவீங்கள். நீங்கள் ஓம் எண்டால் போடுறன். இல்லையெண்டால் போடேல்லை. பஸ்தா.”

பஸ்தா என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். ஜெனனி அதைச் சொன்னால் பிறகு கதவு திறக்காது என்று அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் அக்கா அதைக் கேட்டார். பாத்திரத்தோடு, துணியோடு, பல்கனியோடு.

வியாழக்கிழமை நான் போனபோது கடற்கரைச் சுவரில் அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பகேரியாவில் ஓர் உணவகத்தில் எனக்கு வேலை. வியாழன் பின்னேரம் ரயிலில் திரும்பி இந்தச் சுவரின் மற்ற மூலையில் இருந்து வாசிப்பது வழக்கம். கோடை முடிந்து குளிர் தொடங்காத நாள். கடல் எண்ணெய் தடவியதுபோல அசையாமல் கிடந்தது. நாப்போலிக்குப் போகும் கப்பல் துறைமுகத்தில் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, லொறிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

“என்ன தனேஸ், கவிதையோ? காட்டும் பாப்பம்.” புத்தகத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். “இந்தாள் ஏன் வரியைப் பாதியிலை முறிச்சு வச்சிருக்கிறார்? கடதாசி முடிஞ்சுதோ?”

“மிச்சத்தை வாசிக்கிற ஆள் நிரப்ப வேணுமாம், அக்கா.”

“நல்ல தொழில். நானும் பாதி வீட்டைக் கூட்டிப்போட்டு மிச்சத்தை சிஞ்ஞோரா நிரப்பட்டும் எண்டு விடட்டோ?”

புத்தகத்தைத் திருப்பித் தந்தார். பிறகு முகம் மாறியது. போனை வாய்க்குக் கிட்ட வைத்து, இன்னும் அழுத்தாமல், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இது சொல்ல விருப்பமில்லை, தம்பி. ஆனால் பிள்ளை உண்மையைக் கேட்டது.”

அழுத்தினார்.

“ஜெனனி, முதல் பாட்டு நல்லாயிருக்கு. குரலை உயத்தாமல், சந்தைக்குள்ளாலை நடந்து வாற மாதிரி வாறீர். ரெண்டாவது இஸ்திரிக்கு நல்லது, சூடாயிருக்கு. கடைசிப் பாட்டுக்கு நான் பல்கனியிலை ஆடினன், கீழை மீன் விக்கிறவன் பாத்திட்டான். ஆனால் அந்த மூண்டாவது, ‘எப்ப வாறீங்கள்’, அதிலை பெரிய பிழை இருக்கு, பிள்ளை. நீர் அம்மாட்டைக் கேள்வி கேக்கிறீர். பிறகு பேசாமல் நிக்கிறீர். பதில் இல்லை. திருப்பிக் கேக்கிறீர். திருப்பியும் ஒருத்தரும் இல்லை. பாட்டு முழுக்க இப்பிடித்தான். தாயில்லாப் பிள்ளை பூட்டின கதவோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு. உமக்குத் தாய் இருக்கிறா. தங்கி வேலை செய்த காலத்திலையும் உம்மைக் கைவிடேல்லை, எனக்குத் தெரியும். அவவை ஏன் பாட்டிலை இல்லாமல் செய்தனீர்? வெறும் இடத்தை விட்டால் கலை எண்டு ஆரும் சொல்லுவினம். எனக்கு அது பொய் மாதிரிக் கேக்குது. அந்தப் பாட்டோடை அல்பத்தைப் போடாதையும். கேட்டதைத்தான் சொன்னன். கோவிக்காதையும்.”

அனுப்பினார். கப்பலுக்குள் இன்னொரு லொறி போனது.

முதலில் வந்தது நிரோசினி அக்கா. எழுத்தில்லை, குரலில்லை. குழுவிலிருந்து அவர் வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி மட்டும்.

“இதென்ன, நான் அவவுக்காகத்தானே கதைச்சனான்?” என்றார் அக்கா.

பிறகு ஜெனனி, எழுத்தில்: நன்றி அக்கா. உங்களுக்கே அம்மா கேக்கேல்லை எண்டால் ஒருத்தருக்கும் கேக்காது. ஞாயிறு போடேல்லை. எல்லாத்தையும் அழிக்கிறன். பஸ்தா.

அக்கா அதை என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

“அம்மா கேக்கேல்லையோ? அம்மா எங்கை இருக்கிறா அதிலை?” ஜெனனிக்கு அழைப்பு எடுத்தார். போன் அணைந்திருந்தது. நிரோசினி அக்கா எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் தாளமில்லாமல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்துக்குள்ளிருந்து வலது முனையை இழுத்து எடுத்தார். இளஞ்சூடாக இருந்தது.

“இந்தாரும், நீரும் கேளும். பாதி வரியெல்லாம் நிரப்புற ஆள்தானே. நான் பிழையெண்டால் சொல்லும்.”

குட்டையான வயர். அருகே போய் இருக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு கயிற்றில் கட்டிய இரண்டு படகு மாதிரி, தலையை அசைக்காமல் இருந்தோம்.

முதலில் எண்ணெய் கொதிக்கும் ஒலி. ஒரு குசினி. தூரத்தில் மெதுவாக ஒரு தாளம், யாரோ பக்கத்து வீட்டில் கம்பளம் தட்டுவதுபோல. பிறகு ஒரு பெண், பாடாமல், சாதாரணமாக, வேலைக்கு நடுவில் பேசினாள்:

“வியாழக்கிழமை வாறன், பிள்ளை.”

ஒரு இடைவெளி.

“குளிர்பெட்டிக்குள்ளை ரெண்டாந் தட்டிலை கிடக்கு. அப்பாவைச் சூடாக்கச் சொல்லு.”

இன்னொரு இடைவெளி. எண்ணெயின் ஒலி.

“அழாதை. ஞாயிறும் வாறன்தானே.”

எனக்கு அது நிரோசினி அக்கா என்று தெரிந்தது. யாருக்குப் பதில் சொல்கிறார் என்றுதான் தெரியவில்லை. அவருக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு பெண் ஆளில்லாத வீட்டில் நின்று, யாரும் கேட்காத கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீரோ, ஒருத்தரும் இல்லை” என்றார் அக்கா.

“அக்கா, நிரோசினி அக்கா கதைக்கிறா.”

“எங்கை?”

“இஞ்சை.” என் காதைத் தொட்டுக் காட்டினேன். “இப்ப உங்களுக்கு என்ன கேக்குது?”

“பிள்ளை கேக்குது, பள்ளிக்கூட விழாவுக்கு வருவீங்களோ எண்டு. கேட்டுப்போட்டு நிக்குது.”

“இஞ்சை, வரப் பாக்கிறன் எண்டு சொல்லுறா.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். என் காதிலிருந்து முனையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைச் சிறிது நேரம் பார்த்தார், முதல் முறை பார்ப்பதுபோல. பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். வலது காதின் மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, மெதுவாக வைத்தார்.

அவர் இரண்டு காதையும் மூடி நான் கண்டதில்லை. கண்களும் தாமாக மூடிக்கொண்டன. எனக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை, கடல் மட்டும். கப்பல் கதவை மூடிக்கொண்டு ஊதியது, சுவரில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின, அக்கா அசையவில்லை. பெரிய வெள்ளை வீடு ஒன்று நகர்ந்து போவதுபோலக் கப்பல் அவருக்கு முன்னால் விலகிப் போனது. அது போனதே அவருக்குத் தெரியாது. அவர் வேறு ஒரு வீட்டுக்குள் இருந்தார்.

கண்ணைத் திறந்தபோது முதலில் சொன்னது இதுதான்:

“தம்பி, பாட்டு தலைக்கு நடுவிலை நிக்குது. இப்பிடி நடுவிலையோ நிக்கிறது?”

“ஓம், அக்கா. சிலதை ஒரு பக்கம், சிலதை மற்றப் பக்கம் வைப்பினம்.”

“எல்லாப் பாட்டிலையுமோ?”

“கனக்கப் பாட்டிலை.”

பெருமூச்சு விட்டார். கழுத்துக்குள் எத்தனை பேர் பாடிக்கொண்டு கிடந்தார்கள் என்று யோசித்தாரோ தெரியாது.

“எழும்பும். அந்தப் பெட்டை அழிக்கிறதுக்கு முதல் போவம்.”

*

சந்தையில் கடைகளை மூட்டைகட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த தெருவில் மீன் செதில்கள் நட்சத்திரம்போல ஒட்டிக்கிடந்தன. அக்கா வேகமாக நடந்தார். இயர்போன் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கியது. இரண்டு முனையும் வெளியே.

நிரோசினி அக்காதான் கதவைத் திறந்தார். கையெல்லாம் மா.

“என்ன, தாயில்லாப் பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ?”

“நிரோ, என்னை உள்ளுக்கு விடும்.”

“ஏன்? நீங்கள்தான் என்னை இல்லாமல் செய்து போட்டீங்களே. இல்லாத ஆள் எப்பிடிக் கதவு திறக்கிறது?”

“உமக்குப் பிறகு காலிலை விழுறன். இப்ப வழியை விடும். ஜெனனி எங்கை?”

ஜெனனி மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். அழுது முடித்த முகம். “அழிச்சிட்டீரோ?” என்று அக்கா கேட்டார். மூன்றாவது பாட்டைத்தான் முதலில் அழிக்கப் போனதாகவும், இன்னொரு தரம் கேட்டுவிட்டு அழிப்போம் என்று இருந்ததாகவும் சொன்னாள்.

“நல்லகாலம். பிள்ளை, அந்தப் பாட்டை நான் ஒரு காதாலைதான் கேட்டனான். எல்லாப் பாட்டையும் அப்பிடித்தான் கேட்டிருக்கிறன். மணி கேக்க வேணும் எண்டு. அம்மா மற்றக் காதிலை நிண்டிருக்கிறா. எனக்குத் தெரியாது.”

ஜெனனிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. “நான் அம்மா அந்த நாளிலை எனக்கு அனுப்பின குரற்பதிவுகளைப் பிழையாய்ச் சேத்திட்டன் எண்டு நினைச்சன். மூச்சு எடுக்கிறதே உங்களுக்குக் கேக்கும். உங்களுக்குக் கேக்கேல்லை எண்டால் அம்மா அதிலை இல்லை எண்டுதானே அர்த்தம்?”

“உன்ரை அக்காவுக்குக் காது அரைவாசிதான்,” என்றார் நிரோசினி அக்கா கதவடியில் நின்று. “இவ்வளவு நாளும் அந்த அரைவாசியை வச்சுத்தான் ஊரை ஆண்டிருக்கிறா.”

“ஆண்டனான்தான். நீர் ஏன் குழுவை விட்டுப் போனனீர்? நீர்தானே அதிலை கதைக்கிறீர். குகனேஸ் அக்கா, நான் அதிலை இருக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

நிரோசினி அக்கா கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கு வெக்கமாய்ப் போச்சு. நான் தனிய நிண்டு விசரி மாதிரிக் கதைக்கிறன், பிள்ளை என்னை மட்டும் பிடிச்சுப் போட்டிருக்குது எண்டு நினைச்சன். நீங்களும் அதிலை ஆளில்லை எண்டு சொல்ல, என்னைத்தான் பகிடி பண்ணுறீங்கள் எண்டு…”

ஜெனனி எழுந்து வந்தாள்.

“அம்மா, நீங்கள் எங்கை வச்சுக் கேட்டனீங்கள்?”

“மாடிப்படி கழுவேக்கை.”

“எந்தக் காது?”

“வலது. இடது கையாலைதானே வாளி தூக்கிறன், அந்தப் பக்கம் வயர் போனால் சிக்கும்.”

“அப்ப நான் கேள்வி கேக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“நீ எங்கை கேட்டனீ?” என்றார் தாய்.

அக்கா கழுத்திலிருந்த இயர்போனைக் கழற்றினார். நிரோசினி அக்காவைக் கதிரையில் இருத்தி, தானே இரண்டு முனையையும் அவர் காதுகளில் வைத்தார், தோடு போட்டுவிடுவதுபோல. மா பூசிய கைகள் மடியில் மலர்ந்தபடி கிடந்தன. ஜெனனி சுவரில் சாய்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிரோசினி அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன. எங்கே பதில் வருகிறதோ அங்கே அவரும் சேர்ந்து, சத்தமில்லாமல், பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வாறன், பிள்ளை. ஞாயிறும் வாறன்தானே.

முடிந்தபின்னும் கழற்றவில்லை.

ஜெனனிதான் முதலில் பேசினாள். “நான் மாத்துறன். ரெண்டு குரலையும் நடுவிலை போடுறன். அப்ப ஒரு காதாலை கேட்டாலும் ரெண்டு பேரும் கேக்கும். எங்கடை ஆக்கள் எல்லாரும் வேலையிலைதானே கேக்கினம், ஒரு காதாலை. அது எனக்கு யோசிக்கத் தெரியேல்லை.”

“நல்ல யோசினை,” என்றார் அக்கா. “ஒரு நிமிச வேலை.”

“வேண்டாம்,” என்றார் நிரோசினி அக்கா. பாட்டு இன்னும் காதில் இருப்பவர் பேசுவதுபோலக் கொஞ்சம் உரத்துப் பேசினார். “நடுவிலை போட்டால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டிலை இருந்த மாதிரி வரும். இருக்கேல்லைத்தானே. நான் அந்தப் பக்கம்தானே நிண்டனான். அப்பிடியே விடு.”

கீழே சந்தையில் இரும்புக் கதவு ஒன்று இழுபட்டு மூடியது. குகனேஸ் அக்கா ஜெனனியைப் பார்த்தார்.

“நான் சொன்ன தீர்ப்பைத் திருப்பி எடுக்கிறதில்லை எண்டு சொல்லித் திரிஞ்சனான். இண்டைக்கு எடுக்கிறன். ஞாயிறு போடும். கேக்கிறவையை ரெண்டு காதும் கொண்டு வரச் சொல்லுறது என்ரை பொறுப்பு.”

“பஸ்தா?” என்றாள் ஜெனனி.

“பஸ்தா. நிரோ, உந்த மாவிலை என்ன செய்யப் போறீர்? சொல்லும், வெறும் கையோடை சிஞ்ஞோராட்டைப் போனால் எங்கை திரிஞ்சனீ எண்டு கேப்பா.”

*

ஞாயிறு காலை அல்பம் இணையத்துக்குப் போனது. அதோடு அக்காவின் குரற்பதிவும் குழுவுக்கு வந்தது. சிறியது.

“பிள்ளையள், அன்ரிமாரே, மாமாமாரே. படி கழுவுறவை, வயசு போனவையைப் பாக்கிறவை, கப்பல் துடைக்கிறவை எல்லாருக்கும் சொல்லுறன். மூண்டாம் பாட்டுக்கு மட்டும் ரெண்டு காதையும் குடுங்கோ. நாலு நிமிசம். கூப்பிடுறவை கூப்பிடட்டும். நானும் குடுக்கிறன்.”

நிரோசினி அக்காவைப் பிரசாந் மறுபடி குழுவில் சேர்த்தான்.

அந்த வாரம் பகேரியா ரயிலில், வேலை முடிந்து வரும் எங்கள் பெண்கள் இரண்டு பேர் எதிர் எதிராக இருந்ததைப் பார்த்தேன். இருவருக்கும் இரண்டு காதும் மூடியிருந்தன. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஜன்னலில் எலுமிச்சைத் தோட்டங்களும் கடலும் மாறி மாறி வந்தன. நகரத்து நிலையத்தில் இறங்க மறந்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கினார்கள், தூக்கத்தில் நடப்பவர்கள்போல.

அடுத்த வியாழன் அக்கா சுவருக்கு வந்தபோது நான் கேட்காமலே சொன்னார்.

“திங்கட்கிழமை பல்கனியிலை நிண்டு திருப்பிக் கேட்டன். ரெண்டு காதாலும். மணி அடிச்சுதாம். எனக்குக் கேக்கேல்லை. கண்ணைத் திறந்து பாக்கிறன், சிஞ்ஞோரா எனக்கு முன்னாலை நிக்கிறா. தடியை ஊண்டிக்கொண்டு, கட்டிலிலை இருந்து தன்ரை பாட்டிலை எழும்பி, நடையாலை நடந்து வந்திருக்கிறா. வாழ்நாளிலை செய்யாத வேலை. நான் அழுதுகொண்டு நிக்கிறதைக் கண்டிட்டு, ஆர் செத்தது எண்டு கேக்கிறா.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஒருத்தரும் சாகேல்லை, சிஞ்ஞோரா, ஒரு ஆள் வந்திருக்கிறா எண்டு சொன்னன். அப்ப கோப்பி போடு எண்டிட்டு அங்கையே கதிரையிலை இருந்திட்டா.”

சிரித்தார். பிறகு போனை எடுத்து, பழைய அல்பங்களின் வரிசையை விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கப் போவதாகச் சொன்னார். சிஞ்ஞோராவின் மதிய உறக்கத்தில், அறைக் கதவைத் திறந்து வைத்து, மணி கண்ணுக்குத் தெரியும்படி நின்றுகொண்டு. கேட்க முடியாவிட்டால் கை அசைவதைப் பார்க்கலாம்தானே என்று.

குழுவுக்கு அன்று ஒரு தீர்ப்புத்தான் போனது. போனைக் கிட்ட வைத்து, கடலுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

“பிரயன் தம்பி, நீர் சொன்னது சரி. சால்வோ நொத்தே தனிய இல்லை. வலது பக்கத்திலை ஒரு தெருவே நிக்குது. அவன் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் அவங்கள்தான் கத்துறாங்கள். நாய் ஒண்டும் குலைக்குது. இவ்வளவு நாளும் பாவம் எண்டு நினைச்சு அவனுக்குச் சோறு வச்சுக்கொண்டிருந்தன். இனி எல்லாருக்கும் சேத்து வைக்க வேணும்.”